குழந்தைக்கும் இணையத்துக்கும் நடுவே: வடிகட்டிகள் எப்படி வேலை செய்கின்றன?

நான்கு வயதுக் குழந்தை எதையும் தேடிப் போவதில்லை. அதற்கு எழுத்துக் கூட்டவே இன்னும் தெரியாது. பார்க்கக்கூடாத ஒன்று அதன் கண்ணில் பட்டுவிட்டால், பெரும்பாலும் அது தானாக வந்து நின்றதாகத்தான் இருக்கும். கார்ட்டூன் முடிந்ததும் தானே ஓடத் தொடங்கிய அடுத்த வீடியோ, விளையாட்டின் நடுவில் திரை முழுக்க விரிந்த விளம்பரம், அப்பாவின் போனில் ஏதோ ஒரு வாட்ஸாப் குழுவிலிருந்து வந்து விழுந்த படம். சில சமயம், குழந்தை மைக்கை அழுத்தி மழலையில் ஒன்று சொல்ல, குரல் தேடல் அதை வேறு ஏதோவாகப் புரிந்துகொண்டு காட்டிய முடிவுகள்.

குழந்தைகளின் இணையப் பாதுகாப்பு என்றதும் பலர் ஆபாசத் தளங்களை எப்படி முடக்குவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்தும். மூன்றிலிருந்து எட்டு வயதுவரை கேள்வியே வேறு: தானாக வந்து சேரும் வழிகள் எவை, அவற்றை எங்கே அடைப்பது?

பொருந்தாதது என்றால் ஆபாசம் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். ரத்தம் தெறிக்கும் விபத்துக் காட்சி, போர்ச் செய்தி, பேய் முகம் திடீரென்று பாய்ந்து வரும் வேடிக்கை வீடியோ, மிருகங்களைத் துன்புறுத்துவது, ஆபத்தான சவால்கள், சூதாட்ட விளம்பரம் எல்லாமே சின்னக் குழந்தைக்குப் பொருந்தாதவைதான். இவற்றில் பல பெரியவர்களுக்குச் சாதாரணமானவை. அதனால்தான் பெரியவர்களுக்காகச் செய்யப்பட்ட தளங்கள் இவற்றைத் தடுப்பதில்லை.

முதலில், கணக்கு யாருடையது?

நம் போனைக் குழந்தை கையில் எடுத்தால் உள்ளே நம் கணக்குதான் திறந்திருக்கிறது. யூடியூபுக்கும் தேடுபொறிக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும் அந்தக் கணக்கின் வயது முப்பத்தைந்து. நாம் நேற்று ராத்திரி பார்த்த குற்றச் செய்தியை வைத்துக்கொண்டு இன்றைக்குப் பரிந்துரை வரும். பார்ப்பது யார் என்று எந்தக் கணினிக்கும் தெரியாது. எத்தனை வடிகட்டி போட்டாலும் இந்த ஓட்டை அப்படியே இருக்கும். அதனால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: குழந்தைக்கென்று தனிக் கணக்கு.

ஆண்ட்ராய்டில் இதற்குக் கூகுளின் ஃபேமிலி லிங்க் இருக்கிறது, 2017இல் வந்தது. ஆப்பிள் சாதனங்களில் குடும்பப் பகிர்வுக்குள் போய்க் குழந்தைக்கான கணக்கை உருவாக்கலாம். நெட்ஃப்ளிக்ஸில் கிட்ஸ் என்று தனிப் பக்கமே உண்டு. அதோடு நிறுத்திவிடாமல், உங்கள் சொந்தப் பக்கத்துக்கும் ஒரு பின் (PIN) எண் பூட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் குழந்தை ஒரே தட்டலில் உங்கள் பக்கத்துக்குப் போய்விடும்.

குழந்தைக்குக் கணக்கு உருவாக்கும்போது நிறையப் பேர் ஒரு தவறு செய்கிறார்கள். பிறந்த தேதி கேட்கும் இடத்தில் உண்மையான வருடத்தைப் போட்டால் அனுமதி மறுக்கப்படுகிறது என்று ஏதோ ஒரு பழைய வருடத்தைப் போட்டுவிடுவார்கள். பெரும்பாலான சேவைகள் 13 வயதைக் கோடாக வைத்திருப்பது, அந்த வயதுக்கு மேல் எல்லாம் பார்க்கலாம் என்று யாரோ ஆராய்ந்து முடிவு செய்ததால் அல்ல. அமெரிக்காவில் 1998இல் ஒரு சட்டம் வந்தது, சுருக்கமாக காப்பா என்பார்கள். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவல்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் இணையத்தில் திரட்டக்கூடாது என்கிறது அது. 2000இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் வாங்கும் தொல்லைக்குப் பதிலாக, அந்த வயதினர் வரவே வேண்டாம் என்று நிறுவனங்கள் எழுதி வைத்துவிட்டன. ஆக அந்த 13 தகவல் திரட்டுவதைப் பற்றிய எண். குழந்தை எதைப் பார்க்கலாம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

பொய்த் தேதி போடுவதால் வரும் விளைவு என்ன? எட்டு வயதுப் பிள்ளைக்கு இருபது வயது என்று எழுதினால், அந்தச் சேவை சிறுவர்களுக்காகத் தானாகப் போட்டு வைத்திருக்கும் பாதுகாப்புகள் எதுவும் அந்தக் கணக்குக்கு வராது. நாமே கதவைத் திறந்துவிட்டு, அப்புறம் பூட்டு வாங்கக் கடைக்குப் போவது மாதிரி.

நம் போனைத்தான் கொடுக்க வேண்டும், வேறு வழியில்லை என்றால் ஒரு வசதி இருக்கிறது. ஒரே ஒரு செயலியைத் திறந்து, அதிலிருந்து வெளியே போக முடியாதபடி திரையைப் பூட்டிவிடலாம். ஐபோனில் இதற்குப் பெயர் கைடட் ஆக்சஸ். ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங் அல்லது ஸ்கிரீன் பின்னிங் என்று இருக்கும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தே உண்டு. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆண்ட்ராய்டில் இதை இயக்கும்போது, பூட்டை எடுக்கும் நேரம் பின் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்து இயக்குங்கள்.

எல்லாம் திறப்பதா, எல்லாம் மூடுவதா?

வடிகட்டி என்று எதைச் சொன்னாலும் உள்ளே இரண்டு வழிகளில் ஒன்றுதான் இருக்கும். முதல் வழியில் இணையம் முழுக்கத் திறந்திருக்கும். கெட்டது என்று பட்டியலில் இருப்பவை மட்டும் மூடப்படும். இரண்டாவது வழியில் எல்லாம் மூடியிருக்கும். நாம் அனுமதித்தவை மட்டும் திறக்கும்.

முதல் வழியின் சிக்கல், அந்தப் பட்டியலை யார், எப்படித் தயாரிப்பது என்பதுதான். தினமும் புதுத் தளங்கள் முளைக்கின்றன, மனிதர்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்க முடியாது. அதனால் சொற்களையும் படங்களையும் வைத்து இயந்திரமே முடிவெடுக்கிறது, இயந்திரம் இரண்டு பக்கமும் தப்பு செய்யும். 1996இல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் வடிகட்டி, இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்களைக் கணக்குத் தொடங்கவே விடவில்லை. அந்த ஊரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததுதான் காரணம். இன்றைய வடிகட்டிகள் அவ்வளவு அப்பாவிகள் அல்ல. ஆனாலும் நல்லதைத் தடுப்பதும் கெட்டதை விட்டுவிடுவதும் இன்னும் நடக்கிறது. ஆங்கிலத்தில் ஓரளவு தேறிவிட்ட வடிகட்டிகளும் மற்ற மொழிகளில் தடுமாறும். தமிழ் வசைச்சொல்லை ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதினால் நான்கையும் அது பிடிக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

இரண்டாவது வழியில் அந்தப் பிரச்சினையே இல்லை. நீங்கள் பார்த்து அனுமதித்த பத்துத் தளங்கள் என்றால் பத்துதான். பெரியவர்களுக்கு இது சிறை மாதிரி இருக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கோ அது தாராளம், ஒரே கதையை நூறு முறை கேட்கும் வயது அது. ஏழு வயதுவரை இரண்டாவது வழியே போதும், அதுவே நல்லது என்பது என் கருத்து. முதல் வழியைப் பற்றி அதற்கப்புறம் யோசித்தால் போதும்.

யூடியூப் கிட்ஸ் செயலியை எடுத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் தெளிவாகப் புரியும். 2015இல் வெளியான இந்தச் செயலியில் இருக்கும் வீடியோக்களை மனிதர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பகுதியைத் தேர்ந்தெடுப்பது இயந்திரம். 2017இல் இது பெரிய செய்தியானது. குழந்தைகளுக்குப் பழகிய கார்ட்டூன் உருவங்களையும் பளிச்சென்ற வண்ணங்களையும் வைத்துக்கொண்டு, உள்ளே ஊசி, ரத்தம், வன்முறை, பாலியல் சாயல் கொண்ட காட்சிகளை நுழைத்த வீடியோக்கள் யூடியூபிலும் கிட்ஸ் செயலியிலும் புழங்குவது தெரியவந்தது. அந்த விவகாரத்துக்கு எல்சாகேட் என்றே பெயர் விழுந்தது. தலைப்பும் முகப்புப் படமும் குழந்தைத்தனமாக இருந்ததால் இயந்திரம் ஏமாந்தது. பக்கத்து அறையிலிருந்து பாட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பெற்றோருக்கும் எதுவும் தெரியவில்லை.

அந்த விவகாரத்துக்குப் பிறகு 2018இல், பெற்றோர் அனுமதித்தவற்றை மட்டும் காட்டும் முறை கிட்ஸ் செயலியில் சேர்க்கப்பட்டது. குழந்தையின் பெயருக்கான அமைப்புகளில் போய் அதைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் சேர்த்த சேனல்களும் வீடியோக்களும் மட்டுமே தெரியும். தேடல் வசதி போய்விடும். வயதுப் பிரிவைத் தேர்ந்தெடுத்ததோடு நிறுத்தினால் நீங்கள் இன்னும் முதல் வழியில்தான் இருக்கிறீர்கள். சேனல்களை உட்கார்ந்து தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் ஆகலாம். செலவழிக்கத் தகுந்த அரை மணிதான்.

ஐபோனில் ஸ்கிரீன் டைம் பகுதியிலும், ஃபேமிலி லிங்கில் குரோம் பிரவுசருக்கான பகுதியிலும் இதே இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று பெரியவர்களுக்கான தளங்களை மட்டும் தடுக்கப் பார்க்கும். மற்றது நீங்கள் அனுமதித்த தளங்களைத் தவிர வேறு எதையும் திறக்காது.

வடிகட்டி எங்கே நிற்கிறது?

எந்த வடிகட்டியும் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. அது நிற்கும் இடத்திலிருந்து எது தெரிகிறதோ அதை மட்டும் பார்க்கிறது. இது புரிந்துவிட்டால், எந்தச் செயலியையும் அது தரும் வாக்குறுதியை வைத்து எடைபோட வேண்டியிருக்காது.

வீட்டு வைஃபை ரூட்டரில் நிற்கும் வடிகட்டியைப் பார்ப்போம். ஒரு தளத்தின் பெயரை நாம் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரி என்ன என்று நம் கருவி முதலில் ஒரு சர்வரிடம் கேட்கும். அந்தச் சர்வருக்கு டிஎன்எஸ் என்று பெயர். கேட்கப்பட்ட பெயர் ஆபாசத் தளங்களின் பட்டியலில் இருந்தால், முகவரியைத் தராமல் மறுத்துவிடும் டிஎன்எஸ் சேவைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய 1.1.1.3 என்பது அப்படி ஒன்று. ஓப்பன் டிஎன்எஸ்ஸின் ஃபேமிலி ஷீல்டு இன்னொன்று. அதன் எண் 208.67.222.123. ரூட்டரின் அமைப்புகளில் டிஎன்எஸ் என்று இருக்கும் இடத்தில் இந்த எண்ணை ஒரு முறை போட்டால் போதும். டிவி, டேப்லெட், பழைய லேப்டாப் என்று அந்த வைஃபையில் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து வேலை செய்யும். எந்தச் செயலியும் நிறுவ வேண்டாம், காசும் வேண்டாம்.

ஆனால் அங்கிருந்து அதற்குத் தளத்தின் பெயர் மட்டும்தான் தெரியும். இன்றைக்குக் கிட்டத்தட்ட எல்லாத் தளங்களும், இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கப்பட்ட இணைப்பில்தான் இயங்குகின்றன. எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது வெளியே தெரியலாம், அங்கே எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்பது தெரியாது. ஆக யூடியூபை முழுவதுமாக விடலாம், அல்லது முழுவதுமாக மூடலாம். அதற்குள் ஒரு மோசமான வீடியோவை மட்டும் நிறுத்த ரூட்டரால் முடியாது. அப்புறம், வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ரூட்டர் ஆட்டத்திலேயே இல்லை. நம் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் போட்டாலும் அப்படித்தான். சில பிரவுசர்கள் டிஎன்எஸ் கேள்வியையே மறைத்துத் தங்களுக்குப் பிடித்த சர்வரிடம் கேட்கும் வசதியையும் வைத்திருக்கின்றன.

மொபைல் டேட்டா ஓட்டையை ஓரளவு அடைக்கலாம். ஆண்ட்ராய்டு ஒன்பதாம் பதிப்பிலிருந்து பிரைவேட் டிஎன்எஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அங்கே எண்ணுக்குப் பதிலாக அந்த டிஎன்எஸ் சேவையின் இணையப் பெயரை, அதாவது ஹோஸ்ட்நேமைக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அந்தப் போன் எந்த இணைப்பில் இருந்தாலும் அதே வடிகட்டி வழியாகத்தான் போகும்.

அடுத்தது கருவிக்குள் நிற்கும் வடிகட்டி. எந்தச் செயலியைத் திறக்கலாம், புதிதாக எதை நிறுவலாம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் இதற்குத் தெரியும். புதுச் செயலி நிறுவுவதற்குப் பெற்றோர் அனுமதி வேண்டும் என்ற ஒரு அமைப்பை மட்டும் போட்டாலே பாதித் தொல்லை குறைந்துவிடும். இதற்கும் எல்லை உண்டு. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் குடும்பப் பாதுகாப்பு வடிகட்டி எட்ஜ் பிரவுசரில் மட்டும்தான் வேலை செய்யும், அதனால்தான் அதை இயக்கினால் மற்ற பிரவுசர்களைத் தடுக்கப் பார்க்கிறது. அதேபோல, விளையாட்டுச் செயலிக்குள் ஒரு விளம்பரத்தைத் தட்டினால் அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு குட்டிப் பிரவுசர் திறக்கும். உங்கள் குரோமில் போட்ட கட்டுப்பாடு அங்கே செல்லாமல் போகலாம்.

மூன்றாவது, செயலிக்கும் தளத்துக்கும் உள்ளேயே இருக்கும் வடிகட்டி. தேடல் முடிவுகளை வடிகட்டும் கூகுளின் சேஃப்சர்ச்சில் மூன்று நிலைகள் உண்டு: வடிகட்டுவது, மங்கலாக்குவது, எதுவும் செய்யாமல் விடுவது. இந்த நடு நிலையைப் பலர் பாதுகாப்பு என்று நம்பிவிடுகிறார்கள். அது படத்தை மட்டும்தான் மங்கலாக்கும், எழுத்தும் இணைப்பும் அப்படியே வரும். குழந்தைக்கு முதல் நிலைதான் வேண்டும். யூடியூபின் கட்டுப்பாட்டு முறை அதாவது ரெஸ்ட்ரிக்டட் மோடு, ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு பிரவுசரிலும் தனித்தனியாகப் போட வேண்டியது. போனில் போட்டுவிட்டோம், டிவியிலும் இருக்கும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

விளையாட்டும் விளம்பரமும்

விளையாட்டுகளின் மேல் வயது முத்திரை இருக்கும். ஐரோப்பாவில் பெகி, அமெரிக்காவில் ஈஎஸ்ஆர்பி. விளையாட்டில் அதைச் செய்தவர்கள் வைத்த காட்சிகளுக்கும் சொற்களுக்கும் தரப்பட்ட முத்திரை அது. கூட விளையாடும் முகம் தெரியாத ஆள் அரட்டையில் என்ன எழுதுவார், என்ன பேசுவார் என்பதை யாரும் முன்கூட்டி மதிப்பிட முடியாது, முத்திரையும் அதற்குப் பொறுப்பேற்பதில்லை. சின்னக் குழந்தைகளின் விளையாட்டில் எழுத்து அரட்டை, குரல் அரட்டை இரண்டையும் முழுவதுமாக அணைத்துவிடுங்கள். அந்த வயதில் அதனால் எந்த நஷ்டமும் இல்லை.

இலவச விளையாட்டுகளில் வரும் விளம்பரங்கள்தான் எனக்குப் பெரிய எரிச்சல். விளையாட்டு மூன்று வயதுக்கானதாக இருக்கும், நடுவில் வரும் விளம்பரம் வேறு யாருக்கோ ஆனதாக இருக்கும். பலரும் யோசிக்காத எளிய வழி ஒன்று உண்டு: கதைகளையும் வீடியோக்களையும் முன்பே பதிவிறக்கி வைத்துக்கொண்டு, குழந்தை கையில் கொடுக்கும்போது ஏரோபிளேன் மோடைப் போட்டுவிடுவது. புது விளம்பரம் வராது, பரிந்துரை வராது, எந்தக் குழுவிலிருந்தும் படம் வந்து விழாது. காசு கட்டி வாங்கும் பல கண்காணிப்புச் செயலிகளைவிட இது உறுதியான காவல்.

அந்தக் கண்காணிப்புச் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. செய்திகளைப் படிப்போம், திரையைப் படமெடுத்து அனுப்புவோம் என்று சொல்லும் செயலிகள் போனில் இருக்கும் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கின்றன. நம் குழந்தையின் தகவல்கள் இன்னொரு நிறுவனத்தின் சர்வரில் போய்ச் சேருகின்றன என்பதுதான் அதன் பொருள். ஆறு வயதுக் குழந்தைக்கு இது தேவையே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால்

படும். எந்த அடுக்கும் முழுமையானது அல்ல. அப்போது போனை வெடுக்கென்று பிடுங்கி, ‘இதை ஏன் பார்த்தே?’ என்று கத்தினால், குழந்தைக்குப் புரிவது ஒன்றுதான்: சொன்னால் திட்டு விழும், போனும் போய்விடும். அடுத்த முறை அது சொல்லாது. சத்தமில்லாமல் திரையை அணைத்துவிட்டு, என்ன பார்த்தாய் என்று கேட்டு, அது சொல்வதை முழுக்கக் கேளுங்கள். அது பயந்ததா, சிரித்ததா, ஒன்றும் புரியாமல் கடந்துபோனதா என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் என்ன விளக்க வேண்டும் என்பதே இருக்கிறது. ஒன்றும் புரியாமல் போயிருந்தால் நீளமாக விளக்கிப் பெரிதாக்க வேண்டாம்.

குழந்தை தூங்கிய பிறகு, அது எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். விளம்பரமா, பரிந்துரையா, யாராவது அனுப்பியதா? வீடியோ என்றால் அங்கேயே புகார் செய்து அந்தச் சேனலைத் தடுத்துவிடலாம். விளம்பரம் என்றால் அந்த விளையாட்டையே எடுத்துவிடுவது சுலபம்.

போட்ட பூட்டுகள் வேலை செய்கின்றனவா என்பதையும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். குழந்தையின் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு, நீங்கள் அனுமதிக்காத ஒரு சாதாரணத் தளத்தைத் திறந்து பாருங்கள். அப்புறம் வேறு பிரவுசரில், மறைநிலைச் சன்னலில் (இன்காக்னிட்டோ), வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில், கடைசியாக ஒரு விளையாட்டுக்குள் வரும் விளம்பரத்தைத் தட்டி. எங்கே திறந்துகொள்கிறதோ அந்த இடத்தில் உங்கள் வடிகட்டி நிற்கவில்லை என்று பொருள். பெரிய மென்பொருள் மேம்படுத்தல் வரும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்யுங்கள், அமைப்புகள் இடம் மாறுவதும் பழைய நிலைக்குப் போய்விடுவதும் உண்டு. பின் எண்ணையும் அப்போதே மாற்றிவிடலாம். நீங்கள் தட்டுவதைத் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தே ஐந்து வயதுக் குழந்தை நான்கு எண்களை மனப்பாடம் செய்துவிடும்.